நான் திருத்திய பெயர்

மலேசியாவின் குளுவாங் நகரில் நடந்த கவியரங்கில் நடுவராக இருந்தபோது ஒருவரை மேடையிலேயே கேவலப்படுத்தினேன். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். தொப்பை, வெளுத்த சீருடை. குடும்பத்தைப் பற்றிய கவிதை என்று சொல்லிவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியபடி, தோட்டத்தில் பால்மரம் சீவிய தன் முன்னோர்களின் பெயர்களை மட்டும் சொன்னார்.

"என்னங்க இது, தோட்டத்துக் காலைப் பெரட்டுல ஆளெண்ணப் பேர் கூப்பிடுற மாதிரி இருக்கு?" என்றேன். சபை சிரித்தது. பரிசு பெற்றவர்களோ பெயர்கூடத் தெரியாத பாட்டன்களுக்காக எதுகையோடு அழுதவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். பின்னொரு நாள் என் தாத்தாவின் பெயரைப் பேத்தி கேட்டபோது எனக்கும் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது.

பரிகாரமாக அந்தக் கவிதையை எங்கள் கவியரங்கத் தொகுப்பில் சேர்த்து, புத்தகத்தோடு அவருடைய ஊரான சாஆவுக்குப் போனேன். அவர் பஸ்ஸருகே நின்று படித்தார்.

"சார், சடையன் எங்க?"

"கதிரவன்னு மாத்தினேன். எதுகை அமைஞ்சுது. நல்ல தமிழ்ப் பேருதானே?"

"அவரு எங்க தாத்தா லா. போட்டோ இல்ல. பொதச்ச எடத்துல எண்ணெய்க்குச் செம்பனை நட்டுட்டாங்க. பேரு ஒண்ணுதான் இருந்துச்சு."

பேனாவால் அடித்து, சடையன் என்று எழுதி நீட்டினேன். அவர் வாங்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டார். மற்ற பிரதிகளை அதற்குள் வெளியீட்டு விழாவில் கொடுத்து முடித்திருந்தோம்.