தெரு நடுவே போன கோடு

வார்டு எல்லை வரைகிற வேலையில் பென்சிலுக்குத்தான் மரியாதை, பிடித்திருப்பவனுக்குக் கிடையாது. அரசாங்க மேஜையில் உட்கார்ந்து ஊர் வசவு வாங்கும் தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா? ஆம்பூர்ப் பக்கம் ஒரு நகராட்சியில் நான் படம் வரைகிறவன்.

விதி

வார்டுக்கு வார்டு ஜனத்தொகை ஏறக்குறைய சமமாக இருக்கணும். கோடு எந்த வீட்டையும் வெட்டக்கூடாது. ஆறு, ரயில் பாதை, தெரு நடு இப்படித்தான் போகணும். படிக்க நன்றாகத்தான் இருந்தது.

பாலாற்றை ஒட்டி ஒரு தெரு. வீட்டுக்கு ஒரு பெண்ணாவது ஷூ கம்பெனிக்குப் போகிறாள். போர் தண்ணி தோல் கழிவால் மஞ்சளாக வரும், வாயில் வைக்க முடியாது. குடிதண்ணீர் பைப்பு வேண்டுமென்று, தையல் செக்‌ஷன் பர்வீனைக் கவுன்சிலராக்க மொத்தத் தெருவும் முடிவு கட்டியிருந்தது. பக்கத்து வார்டில் ஜனம் கம்மி. இந்தத் தெருவை நடுவே பிரித்தால் கணக்கு சரியாகும். தெரு உடையுதே சார் என்று அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை.

"வீடு உடையலையே, அப்புறம் இன்னா?"

ஆட்சேபணை

மக்களிடம் ஆட்சேபணை கேட்கும் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வைத்தார்கள். அந்நேரம் தெருவே கம்பெனியில் இருக்கும். ஞாயிறு வைக்கலாமே என்றால், அன்னிக்கு நமக்கும் லீவாச்சே என்றார்கள். பர்வீன் மட்டும் பர்மிஷன் கேட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வருவதற்குள் பன்னிரண்டு தாண்டிவிட்டது. 'ஆட்சேபணை ஏதும் இல்லை' என்று எழுதி அதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பாவி, அந்தத் தாளைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நாங்க சொல்ல வேண்டியத நீங்களே சொல்லிட்டீங்களா சார்?"

பைப்பு

எதிர்சாரி ஓட்டெல்லாம் அடுத்த வார்டுக்குப் போய், பர்வீன் தோற்றுப்போனாள். ஜெயித்த இரண்டு கவுன்சிலர்களும், பைப்பு தெரு நடுவேதானே போடணும், அது அவர் பொறுப்பு என்று மாறி மாறிக் கை காட்டுகிறார்கள். போன வாரம் அவள் காலிக் குடத்தோடு ஆபீசுக்கே வந்தாள். திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. எங்கள் தண்ணி கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து, வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இது எந்த வார்டு தண்ணி சார்? கேட்டுட்டுக் குடிக்கறேன்."

பிழையே இல்லாத வரைபடம் என்று எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.