கூரையைப் பார்த்து அடித்த மருந்து

போன வருஷம், பள்ளி திறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். காலையில் வேனை எடுத்தாலே தும்மல் பிடித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு இல்லை, விடாமல் பத்துப் பன்னிரண்டு. ஒரு நாள் ஈப்போ ரோட்டில் தும்மி முடித்துக் கண்ணைத் திறந்தால், மூக்குக்கு நேராக லோரியின் பின்பக்கம்! எப்படியோ பிரேக் பிடித்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

நான் சும்மாவே பயப்படுகிற ஆள். கூட்டாளி ஒருத்தன் வேறு, "இது ரெஸ்டுங்கிற மூக்கு வியாதி மச்சான். மூக்குக்குள்ள புழு இருக்கும்லா, விட்டா மூளைக்கு ஏறிரும்" என்றான். அதிலிருந்து கைக்குட்டையை விரித்து விரித்துப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

அரசாங்க கிளினிக்கில் டாக்டர் மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்தார். எப்போது தும்மல் வருகிறது, கண் அரிக்கிறதா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். புழுவெல்லாம் கிடையாது, தூசு அலர்ஜி என்றார். தூக்கம் வருகிற மாத்திரை டிரைவருக்கு ஆகாதென்று, தினமும் மூக்கில் அடிக்க ஸ்ப்ரே கொடுத்தார்.

பத்து நாள் அடித்தேன். தொண்டை கசந்ததுதான் மிச்சம். ஏதோ பெரிய வியாதி, டாக்டர் மறைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். வேன் ஓட்டுவதையே விட்டுவிடுகிறேன் என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

ஸ்ப்ரேயைத் திருப்பிக் கொடுக்க மருந்து கவுன்டருக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கிற தமிழ்ப் பெண், "எப்படி அடிக்கிறீங்க, அடிச்சுக் காட்டுங்கண்ணே" என்றார். அண்ணாந்து, கூரையைப் பார்த்து அடித்து, பலமாக உறிஞ்சினேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சிரிக்கப்போகிறார் என்று கூசிப்போனேன்.

அவரோ தன் பையிலிருந்து சொந்த ஸ்ப்ரேயை எடுத்தார்! "எனக்கும் இதே தும்மல்தாண்ணே. உங்க மருந்தெல்லாம் வயித்துக்குப் போயிருச்சு, மூக்குல நிக்கல." வரிசையில் அத்தனை பேர் பார்க்க, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, வலது கையால் இடது மூக்கில், காதுப் பக்கம் சாய்த்து அடித்து, பூவை மோந்து பார்க்கிற மாதிரி மெல்ல இழுத்துக் காட்டினார். என்னையும் மூன்று தடவை செய்ய வைத்தார். தும்மல் இல்லாத நாளிலும் விடாதீர்கள், இரண்டு வாரம் பொறுங்கள் என்றார்.

மூன்றாம் வாரம், பள்ளிக்கூட வாசல் வரைக்கும் ஒரு தும்மல் இல்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை விடப்போவதில்லை என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டே பாதி வயசைக் கழித்தவன் நான். முன்பின் தெரியாத ஒரு டிரைவருக்காக ஊர் பார்க்கத் தன் மூக்கில் அடித்துக் காட்டிய அந்தப் பெண்ணை நினைத்தால், இப்போதெல்லாம் யாரிடமும் "கொஞ்சம் செஞ்சு காட்டுங்க" என்று கேட்க எனக்கு வெட்கமே வருவதில்லை.