இருட்டுத் தெருவில் எங்கள் வீட்டு சீரியல் லைட்

"ஸ்டார் உடைந்தது. கல்." 2008 டிசம்பர் மாதக் காலண்டர் தாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்குள், நீலப் பேனாவால் அப்பா எழுதியது இவ்வளவுதான். நூல் கடை ஒன்று கொடுத்த மாதக் காலண்டர் அது. எழுத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் கட்டைவிரல் பட்ட இடத்தில் மண்ணெண்ணெய் ஊறி, தாள் கண்ணாடி போலத் தெளிந்து, பின்பக்கத்து எழுத்து இடம் வலம் மாறித் தெரிகிறது. அப்பா எதையும் மறுநாள் காலையில்தான் குறித்து வைப்பார் என்பதால் சம்பவம் சனிக்கிழமை நடந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அன்று அம்மா கோழிக்குழம்பு வைத்ததும், அதை யாரும் சாப்பிடாமல் மூடி வைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் கோழி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். எனவே ஞாயிறு என்றே கொள்கிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. திருப்பூரை ஒட்டிய வேலம்பாளையத்தில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே போகும் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பம் அந்தச் சந்தில் எங்களுடையது மட்டுமே. அப்பா ஒரு நிட்டிங் கம்பெனியில் மெக்கானிக். ஆண்டு முழுவதும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நூல் சுற்றிய காலிக் காகிதக் கோன்களுக்கு டிசம்பர் பிறந்ததும் வேலை வந்துவிடும். கோன்களில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளையிட்டு, உள்ளே வண்ணக் கண்ணாடித் தாள் சுற்றிய பல்பை வைத்து, வாசல் கேட்டிலிருந்து சிமெண்ட் ஷீட் கூரை வரை வரிசையாகக் கட்டுவார். கழிவு மோட்டார் ஒன்றில் மர உருளையைப் பொருத்தி, அதன்மேல் செம்புத் தகடுகளை அடித்து, அவரே செய்த "ரோலர்" ஒன்று இருந்தது. அது சுழலச் சுழல வெளிச்சம் கேட்டில் புறப்பட்டுத் தண்ணீர் போல மேலே ஓடி, கூரைக்கு மேல் மூங்கிலில் கட்டிய சிவப்பு ஸ்டாரில் போய் முடியும். ஏசு பிறந்த தொழுவமாக வாசலில் வைக்கும் குடிலில் பனிக்குக் கழிவுப் பஞ்சு.

முந்தைய ஆண்டுகளில் அந்த வெளிச்சத்துக்குச் சந்தே சொந்தம் கொண்டாடியது. எங்கள் வீட்டுக்குக் "கிறிஸ்மஸ் ஊடு" என்றே பெயர். சித்திரை மாதத்தில் வழி கேட்பவர்களிடம்கூட "கிறிஸ்மஸ் ஊட்டுக்கு எதுத்தாப்புல" என்றுதான் சொல்வார்கள். அழுகிற குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து காட்டுவார்கள். ஒருமுறை பக்கத்து வீட்டம்மா குடிலுக்கு முன் கற்பூரம் ஏற்றப் போய், அப்பா பஞ்சைப் பார்த்துப் பதறி, "அம்மா, வேண்டாம்மா, பத்திக்கிடும்" என்று ஓட, அவர் சாவகாசமாக, "கொழந்த சாமிக்குக் கற்பூரம் ஆவாதுங்களா? சரி, பழத்தையாச்சும் வெக்கறேன்" என்று இரண்டு வாழைப்பழங்களை மேய்ப்பர் பொம்மைகளுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

2008இல் அந்தப் பார்வை மாறியது. மின்வெட்டு தொடங்கியிருந்தது. சாயங்காலம் கரண்ட் போகும்போது முதலில் தெரிவது இருட்டு அல்ல, அமைதிதான். சந்தின் இரு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும் தையல் மிஷின்கள் ஒரே நொடியில் நின்றுபோக, காது அடைத்துக்கொண்டது போலிருக்கும். எதிர் வீட்டுத் துரைசாமி அண்ணன் நான்கு மிஷின் போட்டு, கம்பெனிகளிடம் துணி வாங்கித் தைத்துக் கொடுத்து வந்தார். அவர் மனைவி சரசக்கா, தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைக் கத்தரிக்கும் "பிசிறு வெட்டும்" வேலையைச் சந்துப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்து வாங்குவார். ஆர்டரே குறைந்துபோன ஆண்டு. இருக்கிற ஆர்டரையும் கரண்ட் தின்றது.

அந்த நேரத்தில்தான் அப்பாவின் முதலாளி, ஓரங்கட்டிப் போட்டிருந்த பழைய மண்ணெண்ணெய் ஜெனரேட்டரைக் கிறிஸ்மஸ் வரைக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்பா அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஊர்வலம் போல வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று மாலை சந்து முழுக்க இருண்டு கிடக்க, எங்கள் வீட்டில் மட்டும் வெளிச்சம் கேட்டிலிருந்து கூரைக்கு ஓடியது. குழந்தைகள் வந்தார்கள். பெரியவர்கள் யாரும் வரவில்லை. மறுநாள் டீக்கடையில் பால் வாங்கப் போனபோது துரைசாமி அண்ணன் என்னைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்: "எங்கூட்ல மெழுகுவத்தி. எதுத்தூட்ல தேர்த் திருவிழா. ரேசன்ல நமக்கு இல்லாத சீமெண்ணெ அவிகளுக்கு மட்டும் எங்கிருந்து வருதுங்கறேன்?" சிரிப்புக் கேட்டது. நான் பால் தூக்கோடு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

அதற்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் காலண்டரில் இருப்பது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசற்படியில் இருந்தேன். கூரைமேல் 'டப்' என்று ஒரு சத்தம், ஸ்டார் அணைந்தது, அதனுள் இருந்த பல்பின் கண்ணாடிச் சில்லுகள் சிமெண்ட் ஷீட்டில் சரசரவென்று சரிந்து என் முன்னால் விழுந்தன. அப்பா டார்ச் அடித்துத் தேடி, தண்ணீர்த் தொட்டி ஓரத்திலிருந்து ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து வந்தார். சாலை போடக் கொட்டிய ஜல்லி சந்து முனையில் மலையாகக் கிடந்தது. அதிலிருந்து ஒன்று எங்கும் கிடக்கலாம் என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

"எவனோ குறி பாத்து எறிஞ்சிருக்கான்," என்றார் அப்பா.

"நான் அப்பவே சொன்னம்லா," என்றாள் அம்மா. "ஊரே இருட்டுல கெடக்கும்போது நமக்கு மட்டும் எதுக்கு வெளிச்சம்னு. எடுத்துருங்க எல்லாத்தையும்."

"எடுத்தா பயந்துட்டோம்னு ஆயிரும். இன்னொரு கல்லு விழட்டும், ஊரப் பாக்கப் போயிருவோம். சொந்த ஊருக்குப் போறவன யாரும் பயந்தவன்னு சொல்ல மாட்டான்."

அப்பா கோபத்தில் சொன்னதைச் செய்துவிடும் மனிதர். ஊரில் எங்களுக்கென்று இருந்தது பெரியப்பா வீட்டின் பின்னால் ஓர் அறை. அங்கே அம்மா பெரியம்மாவிடம் கேட்டுத்தான் அடுப்பு மூட்டவேண்டும். அப்பாவின் கைத்தொழிலுக்கு அங்கே மிஷினே கிடையாது. அப்படியானால் இன்னொரு கல்லுக்கு எங்கள் குடும்பத்தையே தூக்கி எறியும் பலம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அன்று முதல் நான் கைகளைப் பார்க்கத் தொடங்கினேன். தண்ணீர்க் குழாயில், பள்ளிக்குப் போகும் வழியில், மளிகைக் கடையில், எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். குழாயடியில் துரைசாமி அண்ணன், "ஸ்டார் ஒடஞ்சிருச்சாமா கண்ணு? காத்துல ஆடி மோதியிருக்கும்," என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லையே, இவருக்கு எப்படித் தெரியும் என்று குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். சந்தில் நடந்த எதுவும் சந்துக்குத் தெரியாமல் இருந்ததில்லை என்பது அந்தப் பயத்தில் தோன்றவில்லை.

அப்பா புது ஸ்டார் வாங்கிக் கட்டினார். அடுத்த சில நாட்கள் கரண்ட் போகும் நேரம் நெருங்கும்போதே நான் வாசற்படியை விட்டு உள்ளே போய்விடுவேன். கிறிஸ்மஸுக்குச் சற்று முந்தைய ஒரு மாலை (இதற்குக் காலண்டரில் குறிப்பில்லை) ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஆட்கள் சேர்வது தெரிந்தது. அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தோம். ஜெனரேட்டரின் இரைச்சலில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. ரோலர் சுழலும் வேகத்தில் அவர்கள் சிவப்பாகத் தெரிந்தார்கள், மறைந்தார்கள், பச்சையாகத் தெரிந்தார்கள், மறைந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஓரடி நெருங்கியிருந்தார்கள். முன்னால் ஆண்கள். கைகளில் உருண்டையாக, கனமாக ஏதோ இருந்தது. அல்லது அப்படி நினைத்தேன். துரைசாமி அண்ணன் கையை உயர்த்தி எங்கள் விளக்குகளைச் சுட்டிக் காட்டினார். அப்பா கையில் ஸ்பேனரோடு கேட்டை நோக்கி நடந்தார். அம்மா ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

அப்பா திரும்பி வந்தபோது அவர் முகம் எனக்குப் புரியவில்லை. நேராக ரோலரிடம் போய் அதை நிறுத்தினார்.

"என்னங்க சொல்லுதாங்க?" என்று ஜன்னல் வழியாகவே அம்மா கேட்டாள்.

"மினுக்காம எரியணுமாம்," என்றார் அப்பா.

கேட் திறந்தது. சரசக்கா தலையில் பனியன் மூட்டையோடு முதலில் உள்ளே வந்தார். பின்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் மூட்டை சுமந்த ஆண்கள். "காலைல வண்டி வந்துருமுங்க மெக்கானிக்கண்ணா. மெழுகுவத்தி வெச்சு வெட்டுனா வெள்ளப் பனியன்ல சொட்டிருது. உங்கூட்டு லைட்டுல வெட்டிக்கறமுங்க. ஆனா அது மின்னி மின்னி ஓடுனா கத்திரி வெரல்லயில்லீங்க போவும்?"

அவர்கள் எங்கள் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே ஒருத்தி பனியனைத் தூக்கிப் பிடித்து, "ஏனுங்க, இந்தப் பச்ச லைட்டுல பனியனும் பச்ச, பிசிறும் பச்ச. செக்கிங்ல திருப்பிவிட்டா உங்க ஏசு சாமி வந்து பதில் சொல்லுவாருங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஏணியை எடுத்துப் போட்டு, தான் துளையிட்ட கோன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கண்ணாடித் தாள்களைப் பிரித்து, வெறும் பல்புகளை எரியவிட்டார். அலங்காரம் என்று அதன்பின் மிஞ்சியது ஸ்டார் மட்டும். வாசல் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு போல வெளுத்துக் கிடந்தது.

அம்மா டீ போட்டாள். வெட்டிய பனியன்களை அடுக்கும் வேலை எனக்கு. எல்லோரும் நினைப்பது போல என் பயம் அப்போது போய்விடவில்லை, கூடிவிட்டது. கல் எறிந்த கை எங்கோ இருட்டில் இருந்தவரைக்கும் எங்களுக்கு நடுவில் ஒரு கேட்டாவது இருந்தது. இப்போது அது எங்கள் வாசலில் உட்கார்ந்து, எங்கள் டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொருவரிடமும் பனியனை வாங்கும்போது கையைப் பார்த்தேன். கேட்டருகில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்த துரைசாமி அண்ணன், "என்ன கண்ணு, எங் கையவே பாக்கற? அழுக்கு ஒண்ணுமில்ல, கழுவிட்டுத்தான் வந்தேன்," என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். நான் அடுக்கியதைக் கீழே போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினேன். பெண்கள் மறுபடி சிரித்தார்கள்.

கரண்ட் வந்தபோது சந்து முழுக்க 'ஓ'வென்று சத்தம் எழுந்தது. எதிர் வீட்டில் மிஷின்கள் ஓடத் தொடங்கின. எழுந்து போகும்போது சரசக்கா, "நாளைக்கும் வரலாமுங்களா?" என்று கேட்டார். மறுநாளும் வந்தார்கள். இரண்டாவது கல் விழவில்லை. நாங்கள் ஊருக்குப் போகவில்லை. என் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம்.

இன்று அந்தச் சந்தில் சிமெண்ட் ஷீட் கூரையே இல்லை. எல்லாம் மாடி; பீகார், ஒடிசாப் பையன்கள் அறை அறையாகத் தங்கியிருக்கிறார்கள். தீபாவளிக்கு மாட்டும் எல்.இ.டி. சரங்களை யாரும் பொங்கல் வரை கழற்றுவதில்லை. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். ஊரே இருண்டு ஒரே ஒரு வீடு மட்டும் எரிவது, அதைப் பலர் இருட்டிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பது என்பது அங்கே இனி நடக்க வழியில்லை. சந்தில் எது எந்த ஆண்டு வந்தது, எது போனது என்று விசாரித்துக் குறித்து வைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. அப்படிச் சென்ற ஆண்டு சரசக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த மாலையைப் பற்றி நன்றியோடு பேச ஆரம்பித்தேன். அவர் என்னை இடைமறித்தார்.

"மொதல்ல வந்தவிக கையில மூட்டையே இல்ல கண்ணு. டீக்கடைல பேசி வெச்சுட்டு, ஒயரையெல்லாம் புடுங்கி எறியறதுன்னுதான் கெளம்புனாங்க. நாங்க பொம்பளைக மூட்டைகளத் தூக்கிட்டுப் பின்னாலயே ஓடியாந்தோம். உங்க கேட்டுக்கிட்ட வந்து இவரு கையில ஒண்ணத் திணிச்சேன். ரெண்டு கையிலயும் மூட்ட இருந்தா மனுசன் எதைப் புடுங்குவான்?"

கட்டிலில் சாய்ந்திருந்த துரைசாமி அண்ணன் உடனே மறுத்தார். "கத கட்டறா கண்ணு. ஊட்லயிருந்தே மூட்டைய நாந்தான் சொமந்துட்டு வந்தேன். பொம்பளைக தூக்கற கனமா அது?" கல்லைப் பற்றிக் கேட்டேன். அதற்கு மட்டும் இருவரும் ஒன்று போல, காற்று என்றார்கள்.

அப்பாவிடம் கேட்டதற்கு, "நான் மூஞ்சியத்தான் பாத்தேன், கையப் பாக்கல," என்றார். அன்று கைகளைப் பார்த்தவள் நான்தான். எனக்கும் ரோலர் காட்டிய துண்டு துண்டான வெளிச்சத்தில் பார்த்ததுதான் மிச்சம். முன்னால் வந்த மற்ற ஆண்களில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அன்று எங்கள் கேட்டுக்கு முதலில் வந்தவர்கள் மூட்டையோடு வந்தார்களா, வெறுங்கையோடு வந்தார்களா என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.