ஈரம் காயாத மஞ்சள்

1978 ஆடி மாதம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்கு இடம் அளக்கப் போயிருந்தேன். சிவில் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கிணறு எத்தனை, மரம் எத்தனை, வழிபாட்டிடம் உண்டா என்று கட்டம் கட்டமாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வழிபாட்டிடம் 'உண்டு' என்று எழுதினால் அந்தத் துண்டை விட்டுவிட்டு வேலி போடுவார்கள். 'இல்லை' என்றால் புல்டோசர் வரும்.

மேட்டில் பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாகப் புதைந்திருந்தன. நடுவே ஒரு பள்ளம். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு துரை அங்கே தோண்டி, முதுமக்கள் தாழிகளை எடுத்துப்போய், அறிக்கையும் எழுதியிருந்தார். அதிலிருந்து ஒரு பக்கத்தை டைப் அடித்து எங்கள் இன்ஜினியர் கொடுத்திருந்தார். என்றோ அழிந்த காட்டுக் கூட்டத்தின் சவக்குழிகள், இப்போதுள்ள கிராமத்தாருக்கு இவற்றோடு தொடர்பில்லை என்றது அது. பள்ளியிலும் ஏறக்குறைய இதைத்தான் படித்திருந்தேன்.

ஆனால் கற்களில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. தொட்டேன், விரலில் ஒட்டியது. என்னோடு அளவுச் சங்கிலி பிடிக்க வந்தவர் சிரித்தார். "நாளைக்கு வந்தா கோபுரமே நிக்கும் மேடம்!"

பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும்.

"இது எப்போ பூசினது?" என்று கேட்டேன்.

"காலையிலதான். நீ வர்றேன்னு சொன்னாங்க, அதான் பூசுனேன்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

"பூசலன்னா வெறும் கல்லுன்னு எழுதிக்கினு பூடுவியே!" என்றார். "எங்க வூட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா இங்க சொல்லாம செய்யமாட்டோம்."

"இது யாரோட இடமும் இல்லன்னு புத்தகத்துல இருக்கும்மா. அந்தக் காலத்துல ஒரு துரை எழுதியிருக்கார்."

"அந்தத் தொரை எங்க ஜனங்களாண்ட வந்து கேட்டானா? நீயாவது கேளேன்!"

நான் கேட்கவில்லை. மஞ்சள் புதிது. விளக்கு இல்லை, சூலம் இல்லை. அச்சில் வேறு தொடர்பில்லை என்றிருந்தது. நிலம் போகாமல் தடுக்க நாடகம் என்று முடிவுகட்டி, 'இல்லை' என்று மையால் எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் பேனா நின்ற விதத்திலேயே புரிந்துகொண்டு கொல்லைக்குள் இறங்கிவிட்டார்.

டைப் அடித்த தாளில் பக்க எண் இல்லை. கோப்புக்கு அது வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னதால், அந்தச் சனிக்கிழமை எழும்பூர் நூலகத்துக்குப் போனேன். பக்கம் கிடைத்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு, ஏதோ தோன்றி அடுத்த பக்கத்தையும் புரட்டினேன். 'வேலைக்கு நேர்ந்த தடைகள்' என்று ஒரு தலைப்பு. மழை, மண்வெட்டி உடைந்தது, துரைக்குக் காய்ச்சல். நான்காவதாக, கற்களுக்கு மஞ்சள் பூசிக் கோழி அறுக்காமல் தோண்ட மாட்டோம் என்று உள்ளூர்க் கூலியாட்கள் மறுத்ததில் அரை நாள் வீண்.

தொடர்பில்லை என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை வரி விடாமல் கையால் நகலெடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அந்த நகலை இன்ஜினியரிடம் காட்டினேன். "முதல்லயே ஒழுங்கா விசாரிக்கிறதுக்கு என்ன?" என்று கடிந்துகொண்டு புதுப் படிவம் கொடுத்தார். மறுநாள் அதே கொல்லைக்குப் போய் அந்தப் பெண்மணியிடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதினேன். கடைசியாக, அந்த இடத்தின் பெயர்.

"தொரைக்குழி."

"அவர் தோண்டுறதுக்கு முன்னாடி என்ன பேரு?"

அவர் கல் வட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "தெரியலியே. எங்க மாமியாரும் தொரைக்குழின்னுதான் சொல்லும்."

வேறு வழியில்லாமல் அதையே எழுதினேன். அந்தத் துண்டு நிலம் தப்பித்துவிட்டது. ஆனால் அன்று முதல் அச்சில் எதைப் படித்தாலும், எழுதியவர் யாரைக் கேட்காமல் விட்டார் என்று சந்தேகத்தோடு தேடுகிறேன், நான் கையெழுத்திட்ட படிவங்களிலும்தான்.