சித்தியின் கிண்ணத்தில் பாதாம் பருப்பு

எனக்கு ஒன்பது வயது நடந்த வருடம், நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு, அம்மாவின் தம்பியான சின்ன மாமா சுவீடனிலிருந்து மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமி சுவீடன்காரி. இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார்கள். அம்மா மரியாதையாக வாழ்த்திவிட்டு, தொலைபேசியை வைத்த கையோடு ஒரு பை வெங்காயத்தையும் உரித்து முடித்தாராம். அன்றைய சமையலுக்கு வெங்காயமே தேவைப்படவில்லை என்று அப்பா பிற்காலத்தில் சொல்வார்.

நாங்கள் டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தோம். அம்மா, அப்பா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. சித்திக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. ஒரு பல் வைத்தியரிடம் வேலை. நானும் அவரும் ஒரே அறை. சித்திக்குக் கலியாணம் ஆகாதது எங்கள் வீட்டில் காலநிலை மாதிரி, தினமும் ஒருமுறையாவது பேசப்படும். வந்த வரன்களில் ஒருவர் அதிகம் பேசினார், ஒருவர் பேசவே இல்லை, ஒருவர் விமானம் ஏறிப் போக வேண்டிய தூரத்தில், வின்னிப்பெக்கில் இருந்தார். சித்தி ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார். அந்த மார்கழியில் நகரத்தின் மறுபக்கத்து ரெக்ஸ்டேலில் இருந்து ஒரு இடம் எல்லா விதத்திலும் பொருந்தி வந்தது. புதுவருடம் பிறந்ததும் அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சித்தி ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா அதை ஓம் என்றே எடுத்துக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் மாமி வந்து இறங்கினார். வெளிறிய கண் இமை முடியும், பெரிய கம்பளிக் காலுறையுமாக ஒரு நெட்டையான பெண். வந்த இரண்டாம் நாளே, சுவீடனில் நத்தார் விருந்து இருபத்துநாலாம் திகதி மத்தியானமே நடக்கும், இந்த முறை அந்தச் சமையலைத் தான் செய்யலாமா என்று அம்மாவிடம் கேட்டார். மாலைப் பூசைக்குப் போவதற்கு முன் சாப்பிட்டு முடித்துவிடலாம் என்று மாமா எடுத்துக் கொடுத்தார். அம்மாவால் மறுக்க முடியவில்லை. புதிதாகக் கார் ஓடப் பழகுகிறவரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பதறிக்கொண்டிருப்பவர் போல, சமையலறையைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

சுவீடன் என்றால் அப்பாவுக்குத் தெரிந்தது நாங்கள் அலுமாரியும் கட்டிலும் வாங்கிய தளபாடக் கடை ஒன்றுதான். அங்கே சாப்பாட்டுச் சாமான்களும் விற்பார்கள் என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். மாமி அங்கிருந்து போத்தல் போத்தலாக ஹெரிங் மீன் வாங்கி வந்தார். வினாகிரியிலும் சீனியிலும் ஊறப்போட்ட மீன். மீனுக்குச் சீனி போடுகிற மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்களா என்று அம்மா முகத்தால் மட்டும் கேட்டார். உருளைக்கிழங்கை மெல்லிசாக அரிந்து, நெத்தலி போன்ற சின்ன மீனைப் பரப்பி, பாலாடை ஊற்றி அவன் அடுப்பில் வைக்கிற ஒரு பண்டம். அதன் பெயருக்கு யாரோ ஒருவருடைய சபலம் என்று அர்த்தமாம். பூனை சுருண்டு படுத்ததைப் போன்ற குங்குமப்பூப் பணிஸ், ஒருவகை இனிப்பு ரொட்டி. ஒரு முழுப் பன்றித் தொடை.

அம்மாவின் மனதை முதலில் இளக்கியது குளோக் என்கிற பானம்தான். சிவப்பு வைனைச் சட்டியில் ஊற்றி, மாமி அதற்குள் கறுவாப்பட்டை, ஏலக்காய், கராம்பு, இஞ்சி எல்லாம் போட்டுச் சூடாக்கினார். அந்த மணம் வெளிவாசல்வரை போனது. அம்மா வாசலை விட்டு உள்ளே வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு, "எல்லாம் எங்கட சரக்குத்தானே. இவ்வளவு தூரம் போய் இவையின்ரை சட்டிக்குள்ளை விழுந்திருக்கு," என்று மாமாவிடம் சொன்னார். மாமா அதை மொழிபெயர்த்தபோது மாமி அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டார். அம்மா ஏலக்காயை இன்னும் கொஞ்சம் தட்டிப் போடச் சொன்னார். அன்றிலிருந்து இரண்டு பேரும் அடுப்படியில் சேர்ந்து நின்றார்கள்.

பரிசு விடயத்திலும் மாமி ஒரு புதுப் பழக்கம் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பரிசு, அதை யாருக்குக் கொடுப்பது என்று சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். பரிசின் மேல், உள்ளே இருப்பது என்னவென்று பாதி சொல்லிப் பாதி மறைக்கிற மாதிரி எதுகை வைத்து இரண்டு வரி எழுத வேண்டும். சுவீடனில் அரசாங்க உத்தியோகத்தர்கூட மார்கழி மாதத்தில் கவிஞராகிவிடுவார் என்று மாமா சொன்னார். அப்பாவின் குளிர்த்தொப்பிக்குள் ஆறு பெயர் போட்டுக் குலுக்கினோம். எனக்குச் சித்தியின் பெயர் வந்தது.

நான் மூன்று நாள் யோசித்தேன். மெழுகுதிரி அவரிடம் ஏழு இருந்தது. கைக்குப் பூசும் கிறீம், வேலை இடத்தில் சும்மா கொடுப்பார்கள். கோப்பை கொடுத்தால், காலையில் ஓட்ஸ் சாப்பிடும் தன்னுடைய நீலக் கிண்ணத்தைத் தவிர வேறெதையும் அவர் தொடமாட்டார். பரிசு என்றால் பிரயோசனமாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் கொள்கை. சித்திக்குப் பிரயோசனமானது எது என்று அம்மாவிடமே கேட்டேன். "அவளுக்கு ஒரு மாப்பிள்ளைதான் பிரயோசனம்," என்றார் அம்மா, வேறு வேலையில் இருந்துகொண்டே.

அன்று பின்னேரம் மாமி எனக்குப் பாதாம் பருப்பு உரிக்கக் கற்றுக் கொடுத்தார். சுடுநீரில் போட்டு எடுத்து விரலால் அழுத்தினால் பருப்பு தோலைவிட்டுப் பாய்ந்து ஓடும். குளோக்குக்குள் போட ஒரு கை நிறைய. இன்னும் ஒன்றே ஒன்று வேறொரு விசேசத்துக்காம். விருந்தின் முடிவில் பாற்கஞ்சி பரிமாறுவார்கள், அந்தப் பானைக்குள் ஒரேயொரு பாதாம் பருப்பைப் போட்டுக் கலக்கிவிடுவார்கள், யாருடைய கிண்ணத்தில் அது வருகிறதோ அவருக்கு வருகிற வருடத்துக்குள் கலியாணம் நடக்கும். மாமிக்கு அப்படித்தான் வந்தது, அடுத்த வைகாசியிலேயே மாமாவைக் கட்டிவிட்டார்.

இதைவிடப் பிரயோசனமான பரிசு எங்கே கிடைக்கும்? உரித்ததில் ஒன்றை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். இதில் எனக்கும் கொஞ்சம் சுயநலம் இருந்தது. சித்தியின் கலியாணத்துக்குத் தோழியாக நிற்பதற்கு என்ன நிறத்தில் உடுப்புப் போடுவது என்று நான் ஏற்கெனவே தீர்மானித்திருந்தேன்.

ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, உள்ளே எதுவும் வைக்காமல் வண்ணத்தாள் சுற்றினேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த எல்லாவற்றையும் திரட்டிப் பாட்டும் எழுதினேன்.

"பெட்டிக்குள் ஒன்றுமில்லை, கஞ்சிக்குள் தேடிப் பார்.
கடித்தவர் கழுத்திலே தாளிதான் ஏறும் பார்."

தாலி தாளியாகியிருந்தது எனக்குத் தெரியாது.

விருந்து மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஹெரிங்கை மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிட்டு, இது நல்ல சாமான் என்று அறிவித்தார். சபலம் என்கிற உருளைக்கிழங்குப் பண்டத்தில் அம்மா இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். குளோக் குடித்த மாமா தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். கடைசியில் மாமி பாற்கஞ்சியை ஆறு கிண்ணங்களில் ஊற்றி அடுக்களை மேசையில் வைத்தார். மேலே கறுவாத்தூள் தூவுவது என் பொறுப்பு. நீலக் கிண்ணத்துக்குத் தூவும்போது, பையிலிருந்த பருப்பை விரலால் கஞ்சிக்குள் அழுத்திவிட்டேன். அம்மா என்னைக் கரண்டி எடுத்துவர அனுப்பினார். திரும்பி வந்தபோது அவர் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் காரணமில்லாமல் நின்றார். பிறகு மாமா தண்ணீர் குடிக்க என்று சமையலறைக்குள் போனார். சாப்பாட்டு மேசையிலேயே தண்ணீர் இருந்தது. அப்போது நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை.

எல்லோரும் மெதுவாகச் சாப்பிட்டோம். நான் கஞ்சியைப் பார்க்காமல் சித்தியின் வாயையே பார்த்தேன். அவர் ஒருமுறை மெல்வதை நிறுத்தினார். கடதாசிக் கைத்துண்டை எடுத்து உதட்டை ஒற்றினார். திரும்பவும் சாப்பிட்டார். திரும்பவும் உதட்டை ஒற்றினார், பிறகு இன்னொருமுறையும்.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் வாயில் கடக்கென்று ஒரு சத்தம். உண்மையான பருப்பு, மாமி பானையில் போட்டது, அவருக்குத்தான் வந்திருந்தது. "எனக்கு இருக்கிற ஒரு கலியாணமே காணும்," என்று அவர் கையை உயர்த்தினார். மாமி கைதட்டி, கண்டெடுத்தவருக்கு என்று கொண்டுவந்திருந்த, பாதாம் மாவில் செய்த பன்றிக்குட்டியை அவருக்குக் கொடுத்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சித்தியின் பக்கம் குனிந்து, "வடிவாக் கிண்டிப் பார். உன்ரைக்குள்ளையும் இருக்கும்," என்றார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. பானைக்குள் ஒரேயொரு பருப்புத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மாமா இருமினார். சித்தி கிண்ணத்தைச் சரித்துக் காட்டினார். துடைத்த மாதிரி இருந்தது.

"என்ரைக்குள்ளை ஒண்டும் இல்லை அக்கா."

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்வதென்றால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் வாய் வரை ஏதோ வந்து நின்றது. மாமா கூரையைப் பார்த்தார். மேசையில் நாங்கள் மூன்று பேர் ஏன் திடீரென்று ஆளுக்கொரு திசையைப் பார்க்கிறோம் என்று மாமிக்கு விளங்கவில்லை. அவர் எழுந்து பரிசுகளைக் கொண்டுவந்தார்.

அப்பா அம்மாவுக்குக் குளிர்ச் சப்பாத்து வாங்கியிருந்தார். அதன் மேல் "காலுக்குப் பஞ்சு, பனிக்கு நஞ்சு" என்று எழுதியிருந்தது. அப்பாவுக்குள் இப்படி ஒரு ஆள் இருந்தது அம்மாவுக்கே தெரியாது. அம்மா மாமாவுக்குக் குளிர் தாங்கும் உள்ளாடை கொடுத்தார், சுவீடனில் வாழ்கிறவருக்கு. சித்தி மாமிக்கு இடியப்ப உரல் கொடுத்தார். மாமி எனக்குத் தானே பின்னிய சிவப்புக் கையுறைகள் தந்தார். கடைசியில் சித்தி என் பெட்டியை எடுத்தார். பாட்டை மனதுக்குள் வாசித்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். என்னவாம் என்று அம்மா கேட்டதற்கு, அது எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள விசயம் என்று சொல்லிப் பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பூசைக்குப் புறப்பட வேண்டும், காரில் பனியைத் தட்ட வேண்டும் என்று சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். கண்ணாடியைச் சுரண்டி முடித்துக் காருக்குள் ஏறி ஹீற்றரைப் போட்டார். கோட்டுப் பையிலிருந்து கசங்கிய கடதாசிக் கைத்துண்டை எடுத்து விரித்தார். உள்ளே மூன்று பாதாம் பருப்பு.

"ஒண்டு உன்ரை. மற்ற ரெண்டும் ஆரின்ரை எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "எனக்கு மூண்டு பேரைக் கட்டி வைக்கப் பாக்கிறியள்."

அவர் கோபமாக இல்லை. அதனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பரிசு வீணாகிவிட்டது என்று சொன்னேன். நான் தோழியாக நிற்கலாம் என்று இருந்தேன் என்றும், அம்மா சில நாள் குளியலறைக்குள் அழுகிறார் என்றும், இது நடந்தால் அம்மா அழமாட்டார் என்றும் சேர்த்துச் சொன்னேன். சித்தி வைப்பரைப் போட்டு, முன் கண்ணாடியில் உருகி வழிந்த பனியைத் துடைத்தார். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகவே கேட்டேன்.

"உங்களுக்குக் கலியாணம் விருப்பமில்லையோ சித்தி?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லைப் பிள்ளை. எனக்கு இப்பிடியே நல்லாயிருக்கு. உண்மையா நல்லாயிருக்கு."

அந்த மாதம்தான் பள்ளிக்கூட நாடகத்துக்கு என்னைத் தெரிவு செய்யாதபோது, எனக்கும் அதில் பெரிய விருப்பமில்லை என்று நான் வீட்டில் வந்து சொல்லியிருந்தேன். ஆகவே இப்படிப் பேசுகிறவர்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். புதுக் கையுறை போட்ட கையால் அவருடைய கையைத் தடவினேன். கவலைப்பட வேண்டாம், வருகிற வருடம் கட்டாயம் கிடைக்கும் என்று சொன்னேன்.

சித்தி சிரிக்கத் தொடங்கினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு எனக்கு ஒரு பருப்பைத் தந்து, மற்ற இரண்டையும் தான் வாயில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் இறங்கி வருவதற்குள் மென்று முடித்துவிட்டோம்.

புதுவருடத்துக்கு மூன்றாம் நாள், ரெக்ஸ்டேல்காரர் வரவேண்டாம் என்று சித்தியே அம்மாவிடம் சொன்னார். இந்த முறை காரணம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அம்மா பல வாரம் அவரோடு பேசவில்லை. தவக்காலம் தொடங்கியபோதுதான் பேசினார். அடுத்த கோடையில் சித்தி றிச்மண்ட் ஹில்லில் தனக்கென்று ஒரு சிறிய வீடு எடுத்துக்கொண்டு போனார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். வருடத்தில் ஒருமுறை மாமியோடு ஏதாவது ஒரு நாட்டுக்குப் போகிறார், வீட்டில் தனக்குப் பிடித்த நேரத்தில் சாப்பிடுகிறார், நான் போனால் எனக்கும் போடுகிறார். மாமா தன்னுடைய குற்றத்தை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார். அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நான்தான் நீண்ட நாள் மனதுக்குள் கிடந்து உழன்றேன். மூன்று பருப்பும் ஒன்றையொன்று அழித்துவிட்டன என்றும், எனக்குத் தந்ததை நான் சாப்பிட்டிருக்கக் கூடாது என்றும் நினைத்தேன். முப்பத்துநான்கு வருடத்தில், காரில் நான் கேட்ட அந்தக் கேள்வியைச் சித்தியிடம் யாரும் கேட்டதில்லை என்பது எனக்கு அன்று தெரியாது. அவர் முழு மனதோடு சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, நான் அவரை ஆறுதல்படுத்திக்கொண்டிருந்தேன்.