எண்ணெய் தடவின கை

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கோங்க.

தொண்ணூத்தாறாம் வருஷம் இருக்கும். நொச்சிக்குப்பம் ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்தேன். என் மகளுக்குப் பதிமூணு வயசு. பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு. வலது கை விரல்கள் மூடியே இருக்கும். நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையைக் கழுவிவிடுவேன்.

மயிலாப்பூரில் இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு மிஸ்ஸிடம் கூட்டிப்போனேன். "கத்தி வேணாம், ஊசி வேணாம். கையில ஈரப் பஞ்சு வச்சு லேசா கரண்ட் விடுவோம். விரல் விரிய விரிய மூளையும் அதைக் கத்துக்கும்" என்றார்.

கரண்ட் என்றதும் எனக்கு உதறல். ஐஸ் உடைக்கிற மோட்டாரைத் தொட்ட என் தம்பியைக் கரண்ட் தூக்கி எறிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆபத்தா என்று கேட்கவும் கூச்சம், வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம். அதனால் கிளம்புமுன் கரண்ட் உள்ளே ஏறாது என்று மகள் கையில் தேங்காயெண்ணெயை அழுத்தித் தேய்த்து, மிஸ்ஸுக்குத் தெரியாமலிருக்க மேலோடு துடைத்துவிடுவேன்.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ எண்ணெ?"

"சும்மா கெட."

மூணு வாரம் போனோம். விரல் அசையவே இல்லை. "கையைச் சோப்பு போட்டுக் கழுவினீங்கதானே?" என்று மிஸ் கேட்டபோதெல்லாம் தலையாட்டினேன்.

கடைசியில், "இவ கை இதுக்குக் கேட்கலை போலம்மா. நிறுத்திடலாம்" என்றார். மகள் அழவில்லை. அந்தக் கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும், தலையைக் குனிந்தபடி எண்ணெய் தேய்த்ததை எல்லாம் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன்.

மிஸ் திட்டவில்லை. "அப்போ மூணு வாரமா எண்ணெய்க்கா கரண்ட் வச்சேன்?" என்று சிரித்துவிட்டு, பஞ்சை முதலில் என் கையில் கட்டினார். எறும்பு ஊறுகிற மாதிரிதான் இருந்தது. என் விரல்கள் தன்னால் எழும்பின.

"யம்மா, உன் வெரலு தனியா டான்ஸ் ஆடுது!" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம் அவள் கையைச் சோப்பு போட்டுக் கழுவிப் பஞ்சு வைத்தார். மூடியிருந்த விரல்கள் மெல்ல விரிந்தன. நான் பிரிக்காமல் அந்த உள்ளங்கையை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

முழுசாகக் குணமாகிவிடவில்லை. பல மாசப் பயிற்சிக்கு அப்புறம் அந்தக் கையால் மீனை அமுக்கிப் பிடித்து, இடது கையால் செதில் சுரண்டினாள். மீன் நழுவும். "அடங்குதா பாரு" என்று மீனைத் திட்டிவிட்டு மறுபடி பிடிப்பாள்.

இப்போதும் யாரிடமாவது ஒன்று கேட்கக் கூச்சப்பட்டால், என் கையில் அந்த எறும்பு ஊறும், உடனே கேட்டுவிடுகிறேன்.

கரண்ட் விட்ட அந்த மிஷின் பேர் நினைவில்லை. மூணு வாரமில்லை, நாலு என்கிறாள் மகள். விவரம் தெரிந்தவங்க யாராவது சரிபார்த்துப் போடுங்க.