பச்சையம்மாவின் ஊமை ரூபாய்

போன வாரம் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். சாலையை அகலப்படுத்துவதற்காக ஓரத்துப் புளியமரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பச்சை மரத்தூள் வாசனை உள்ளே வந்தது. பக்கத்தில் இருந்த பெண் தூசிக்குப் பயந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். நானோ தலையை வெளியே நீட்டாத குறையாக இழுத்து இழுத்து மோந்தேன். ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தி இப்படி மோந்துகொண்டு வருவதைப் பார்த்து கண்டக்டர் ஏதாவது நினைத்திருப்பார். நினைத்தால் நினைக்கட்டும்.

எனக்கு அது மறியல் வாசனை. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் விடிந்தால் எந்த ரோட்டில் எந்த மரத்தை வெட்டிப் போட்டு மறித்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. போலீஸ் வேன் போகும். அப்புறம் அழுகைச் சத்தம் வரும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பயம் இல்லை, நிசப்தம். பஸ் இல்லை, லாரி இல்லை, கரும்பு வண்டி இல்லை. கோமுகி அணையிலிருந்து வரும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்டது. அத்தனை நாளும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நமக்குத்தான் கேட்கவில்லை என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

சத்தத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அந்தக் காலத்தில் ஜனங்கள் காதை நம்பினார்கள். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். தேங்காயைத் தட்டுவார்கள், பலாப்பழத்தைத் தட்டுவார்கள். வெள்ளிக் காசைக் கட்டைவிரல் நகத்தால் சுண்டிக் காதோரம் பிடிப்பார்கள். அந்தப் பக்கத்துச் சில குடும்பங்களில் கல்யாணத்துக்குப் பரிசம் போடும்போது இதுவே ஒரு சடங்கு. மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைமேல் ஒரு பழைய வெள்ளி ரூபாயை வைப்பார்கள். பெண் வீட்டுப் பெரியவர் அதை எடுத்துச் சபைக்குக் கேட்கும்படி சுண்டுவார். காசு கணீர் என்று பேசினால் பெண்கள் குலவை போடுவார்கள், காசைப் பெண்ணின் முந்தானையில் முடிவார்கள். பேசாவிட்டால் என்ன ஆகும் என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்படி நடந்ததே இல்லை என்று பதில் வந்தது.

நான் கேட்டது அஞ்சலையிடம். அப்போது எனக்குக் கச்சிராயபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர் வேலை. அஞ்சலை வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் வேதக்கார வீட்டுப் பெண்; ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகப் புடவை கட்டும்போது மடிப்பு எடுத்துவிடுவது அவள்தான். ரிஷிவந்தியம் பக்கத்து ஏழுமலைக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். பரிசத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் மறியலில் ஏழுமலையைப் பிடித்துக்கொண்டு போய் ஜெயிலில் வைத்துவிட்டார்கள்.

அஞ்சலையின் அப்பா தன் அண்ணன் பேச்சைத் தாண்டாதவர். அதே வீட்டில் இருந்த அந்த அண்ணன், அஞ்சலையின் பெரியப்பா, ஜெயிலுக்குப் போனவனுக்குப் பெண் கொடுப்பதில் இஷ்டமில்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அவரும் அதே சனந்தான், மறியலுக்குப் போனவர்களுக்குச் சோறு அனுப்பியவர்தான். போராட்டம் வேறு, வீட்டுப் பெண் வேறு என்பது அவர் கணக்கு.

“திருடிட்டா ஜெயிலுக்குப் போச்சு அது? எல்லாருக்கும்தானே மறிச்சிது,” என்றாள் அஞ்சலை. ஏழுமலையை அவள் எப்போதும் ‘அது’ என்றுதான் சொல்வாள். “பெரிப்பா வேணாம்னுட்டா, நான் இன்னா பண்ணுவேன் டீச்சர்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோடு எல்லாம் மரம் கிடக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் எப்படியும் வரமாட்டார்கள், நாள் தள்ளிப்போகும், அதற்குள் பெரியப்பா மனசு மாறும் என்று ஏதோ உளறினேன்.

அவர்கள் வந்துவிட்டார்கள்.

பெரிய கூட்டம் இல்லை. ஏழுமலையின் அம்மா பச்சையம்மா, அவருடைய கொழுந்தனார் ஒருவர், நாத்தனார் ஒருத்தி. முந்தின நாளே கிளம்பி, கள்ளக்குறிச்சியில் சொந்தக்காரர் வீட்டில் ராத் தங்கி, மிச்ச தூரத்தையும் வரப்பிலும் வாய்க்கால் கரையிலுமாக நடந்தே வந்திருந்தார்கள். பச்சையம்மா விதவை, மெலிந்த உடம்பு. தலையில் பரிசத் தட்டு, முழங்கால் வரை சேறு. மகன் ஜெயிலில் இருக்கும்போது, சொன்ன நாளில், சொன்ன வீட்டு வாசலில் வந்து நின்ற அந்த அம்மாளைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கால் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். “நாளு தப்பக் கூடாது இல்லீங்களா,” என்று மட்டும் சொன்னார்.

தட்டை நடுவில் வைத்தார்கள். பெரியப்பா ரூபாயை எடுத்துச் சுண்டினார். டொக் என்றது.

மறுபடி சுண்டினார். டொக். ஓட்டாஞ்சில்லைத் தட்டினால்கூடக் கொஞ்சம் சத்தம் வரும். பெரியப்பா எழுந்துபோய்ப் பூஜை மாடத்திலிருந்து ஒரு ரூபாயை எடுத்துவந்தார். பின்பக்கம் புலி நிற்கிற ராஜா தலை ரூபாய். தீபாவளிக்குத் தீபாவளி புளி போட்டுத் தேய்த்து அங்கே வைத்துக் கும்பிடுவார், பளபளவென்று இருக்கும். அதைச் சுண்டினார். கணீரென்று நாதம் நின்று ஒலித்தது.

“இது வெள்ளி. இன்னாம்மா கொண்ணாந்துக்கிற நீ? கள்ளக் காசா? புள்ளதான் ஜெயில்ல, காசுமா இப்படி?”

பச்சையம்மாவுக்கு உதடு நடுங்கியது. “எனக்கே பரிசத்துல வச்ச காசுங்க. அன்னிக்குப் பேசினதுங்க அது.”

நகை ஆசாரியைக் கூப்பிடலாம் என்றால் கடையெல்லாம் அடைப்பு. கல்லில் உரைக்கக் கூடாது. பரிசக் காசில் கீறல் விழுந்தால் ஆகாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விஞ்ஞான டீச்சர் என்றால் எல்லாம் தெரியும் என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை. ரேடியோ கரகரத்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நானும் மானம் போகக்கூடாது என்று அதன் தலையில் ஒரு தட்டு தட்டிக் கொடுப்பேன். அஞ்சலை கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள். காசு பொய்யாக இருந்தால் அதையும் நான்தானே சொல்லவேண்டும்?

என் அறையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. வெயிலில் போய் நின்று அந்த ரூபாயைப் பார்த்தேன். அப்படி ஒரு காட்சிக்கு நான் தயாராக இல்லை. வெறும் கண்ணுக்கு ஒரு பெண் தலை, அவ்வளவுதான். கண்ணாடிக்குள்ளோ வெள்ளைக்கார ராணியின் கிரீடத்தில் கல் கல்லாகத் தெரிந்தது. மேலாடையில் பூவேலை. பின்னிய கூந்தலின் மேட்டில் இழைகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. பள்ளத்தில் இருந்தவை அப்படியே இருந்தன. கன்னம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தது. எத்தனை விரல்கள் தடவியிருக்கும்! இப்போது காசு சேர்ப்பவர்கள் இதற்கெல்லாம் தரம் பிரித்து விலை வைக்கிறார்கள். எனக்கு அன்று அதெல்லாம் தெரியாது. அச்சில் அடித்த கூர்மை பள்ளத்தில் மிச்சம் இருக்கிறது, உருக்கி வார்த்த கள்ளக் காசில் இப்படி வராது, மேடு மட்டும் நியாயமாகத் தேய்ந்திருக்கிறது, இது நல்ல காசு என்று மனசு சொன்னது.

அப்புறம் கிரீடத்துக்கு மேலே விளிம்பில் ஒரு தழும்பு கண்ணில் பட்டது. அதிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் உள்ளே இறங்கியிருந்தது. அந்தத் தழும்பை எனக்குத் தெரியும். முதல் வருஷம் எனக்கு வெள்ளிமலையில் வேலை. ஜீப்பில் தேன் டின்களோடும் சாமை மூட்டைகளோடும் நெருக்கி உட்கார்ந்து மலை ஏறுவேன். எதிரில் உட்காரும் வயதான பெண்கள் சிலர் கழுத்தில் ராணி ரூபாய்க்குக் கயிறு கோக்கும் வளையமாக ஒரு காது பற்றவைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். மாமி, மாமி என்று கேட்டு வாங்கித் தடவிப் பார்ப்பேன். காது பற்றவைத்த இடத்தில் இதே தழும்பு இருக்கும்.

“இதுக்குக் காது வச்சிருந்தீங்களா?” என்று பச்சையம்மாவைக் கேட்டேன்.

“தாலிக் கவுத்துல கோத்துக் கட்டினு இருந்தேங்க. அவரு போன அன்னிக்கி காதை முறிச்சி எடுத்தாங்க.”

காதை முறித்த இடத்தில்தான் விரிசல் விட்டிருக்கிறது. விரிசல் விட்ட காசு பேசாது. இதைச் சொன்னேன். பெரியப்பா காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் பிடித்த பிடியை விடவில்லை. “செரி டீச்சர், பேசாததுக்குக் காரணம் சொல்லிட்டீங்க. வெள்ளிதான்னு எப்படி நம்புறது?”

வாசலில் குச்சி ஐஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிளில் வந்தவர். முன்னும் பின்னும் மரம் விழுந்ததில் மாட்டிக்கொண்டார். “கரையறதுக்கு வாய்லயாவது போவட்டும்,” என்று தெருப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டு வெள்ளி ஸ்பூன் ஞாபகம் வந்தது. சூடான காப்பியில் போட்டால் அடுத்த நொடி கைப்பிடி சுடும். வெள்ளியைப் போலச் சூட்டைக் கடத்துகிற உலோகம் வேறு இல்லை என்று வகுப்பில் வருஷா வருஷம் ஒப்பிக்கிறேன். சூட்டைக் கடத்துவது குளிரையும் அப்படித்தானே காட்டும்!

பெரியப்பாவையே இரண்டு ரூபாயையும் பிடிக்கச் சொன்னேன். ஒரு கையில் புலி ரூபாய், இன்னொரு கையில் ராணி ரூபாய், இரண்டையும் ஓரத்தில் மட்டும். எதிர் ஓரங்களில் ஐஸ் துண்டை ஒரே நேரத்தில் வைத்தேன். கர்த்தரே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“ஐயோ!” என்று ராணி ரூபாயைக் கீழே போடப் பார்த்தார் பெரியப்பா. “சுருக்குனு ஏறுது டீச்சர்! நரம்புல ஏறுது!” கறுத்துப்போன அந்தப் பழைய காசின்மேல் ஐஸ் இளகி அவர் மணிக்கட்டில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. உயிருள்ள ஒன்றைப் பிடித்திருப்பவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒப்பித்துச் சொல்லிக்கொடுத்த ஒரு வரி, கண் முன்னால் ஒருவர் கைக்குள் ஓடுவதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அவர் மெதுவாக மற்றக் கையைப் பார்த்தார். “இது இன்னும் குளுரலியே?”

அது நிக்கல். வெள்ளைக்காரன் போகிற காலத்தில் வெள்ளி போதாமல் அடித்த ரூபாய். தன் வீட்டுச் சபையில், சம்பந்தி முன்னால், இத்தனை வருஷம் கும்பிட்ட காசு வெள்ளி இல்லை என்று தெரிந்த மனிதரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பச்சையம்மா எழுந்து வந்தார். புலி ரூபாயை அவர் கையிலிருந்து வாங்கி, ஈரத்தைத் தன் முந்தானையில் துடைத்தார்.

“இதுவும் நல்ல காசுதாங்க சம்மந்தி. ராஜா தல போட்டு சர்க்காருதானே அடிச்சாங்க? வெள்ளி இல்லன்னா இன்னா, கள்ளக் காசு ஆயிடுமா? மாடத்துலயே வையுங்க.”

கள்ளக் காசு என்று கேட்டு உதடு நடுங்கிய அதே அம்மாள். வென்றுவிட்ட நேரத்தில் ஒருவரால் இப்படிப் பேச முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது. பெரியப்பா ராணி ரூபாயை மறுபடி சுண்டவில்லை. “அஞ்சல, வா இங்க,” என்று கூப்பிட்டுத் தன் கையாலேயே அவள் முந்தானையில் முடிந்தார். குலவைச் சத்தம் அந்த நிசப்தத்தில் அணைக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏழுமலை வெளியே வந்து கல்யாணம் நடந்தது. ஒதுக்கீடும் வந்தது; அவர்கள் பெண் அதில் சீட்டு வாங்கி நர்சு ஆனாள். இப்போது பரிசத்தை ரசீதோடு வாங்கிய தங்கத்தில் போடுகிறார்கள். சபையில் யாரும் காசு சுண்டுவதில்லை. சுண்டினாலும் இத்தனை வண்டிச் சத்தத்தில் எவர் காதிலும் விழாது. பெரியப்பா போய்விட்டார். போன வருஷம் பச்சையம்மாவும் போனார். நான் ஊரில் இல்லாததால் துக்கத்துக்குப் போக முடியவில்லை. போன வாரம் அந்த பஸ்ஸில் போய் இறங்கியது அஞ்சலையைப் பார்க்கத்தான். இன்னொரு தடவை அந்த ராணியின் முகத்தைப் பார்த்துவிடவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. காசை எடுத்து வா என்றேன்.

“இல்ல டீச்சர். எங்க அத்த நெத்தியில வச்சிட்டேன். நெத்திக் காசு குழி வெட்டினவருக்குத்தானே, அவருக்கு வேற குடுத்துட்டு, அதை எடுக்க வேணாம்னு சொல்லிட்டேன். மண்ணோட போயிடுச்சு.”

எனக்குக் கோபமே வந்துவிட்டது. அப்படிப்பட்ட காசை யாராவது புதைப்பார்களா? நாளைக்கு உன் பையனுக்குப் பரிசம் போட வேண்டாமா என்று சத்தம் போட்டேன்.

அஞ்சலை தலையை ஆட்டினாள். “அன்னிக்கி எங்க அத்த தட்டோட நின்ன நெலைமைய நான் கதவு சந்துல பாத்தேன் டீச்சர். இனிமே எந்தப் பொண்ணு வூட்டுலயும் அதைச் சுண்டிப் பாக்க வேணாம்.”